திரும்பி வந்த பம்புக்கு யார் பொறுப்பு? சுழற்சிப் பொருளாதாரத்துக்கு மாறிய ஓர் உற்பத்தி நிறுவனத்தின் மூன்று ஆண்டுகள்

தொழிற்சாலைகளுக்கான பம்புகளைத் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்று, விற்ற பொருளைத் திரும்பப் பெற்று மீண்டும் பயன்பாட்டுக்கு அனுப்பும் சுழற்சிப் பொருளாதாரத்துக்கு மாற முயன்ற மூன்று ஆண்டுகளில் நடந்ததை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. நிறுவனத்தையோ ஆட்களையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன. விற்பனைத் தொகைகளும் எண்ணிக்கைகளும் அதே காரணத்தால் தரப்படவில்லை. ஆட்களைப் பதவிப் பெயரால் மட்டும் குறிப்பிடுகிறேன்.

## பின்னணி

நிறுவனத்தின் தொழில் எளிமையானது. சென்ட்ரிஃப்யூகல் பம்பு செய்து விற்பது, விற்ற பம்புக்கு ஆண்டுக்கணக்கில் உதிரிபாகம் விற்பது. பம்பில் கிடைக்கும் லாபம் மெலிது. டெண்டரில் கடைசி நேரம்வரை விலையை இறக்கிக்கொண்டே போக வேண்டும். வயிற்றை நிரப்புவது உதிரிபாகம்தான்: இம்பெல்லர் (நீரைத் தள்ளும் சுழல்சக்கரம்), ஷாஃப்ட் (அதைச் சுழற்றும் தண்டு), பேரிங், மெக்கானிக்கல் சீல் (தண்டின் வழியாகக் கசிவைத் தடுப்பது), வேர் ரிங். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்தவற்றில் பாதி தானாகவே விளங்கும்.

மாற வேண்டும் என்ற நெருக்கடி இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. பெரிய வாடிக்கையாளர்கள் சிலர், ஆயுள் முடிந்த பம்பை என்ன செய்வீர்கள் என்று கொள்முதல் படிவத்திலேயே கேட்கத் தொடங்கினர். முதலில் ஒற்றை வரியில் பதில் எழுதினால் போதும் என்றிருந்தது. பிறகு அந்தக் கேள்விக்கு மதிப்பெண் வைத்தார்கள். இன்னொரு பக்கம், வார்ப்பிரும்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், தாமிரம் இவற்றின் விலை ஏறி இறங்கியதில், விலையை முன்கூட்டியே உறுதிசெய்து போட்ட ஆண்டு ஒப்பந்தங்கள் கையைக் கடித்தன.

பம்பு இந்த மாற்றத்துக்குத் தோதான பொருள். எடையில் பெரும்பகுதி வெளிக்கூடான கேசிங்கிலும் அடித்தளத்திலும் இருக்கிறது. சுத்தமான நீரில் ஓடும் வார்ப்பிரும்புக் கேசிங் பல பத்தாண்டுகள் தாங்கும். தேய்வது சில பாகங்கள் மட்டும். ஒரு சீல் போனதற்காக முழு பம்பையும் எடைக்குப் போடுவது, உலோகத்தை மட்டுமல்ல, அதை உருக்கவும் வார்க்கவும் கடையவும் செலவான ஆற்றலையும் உழைப்பையும் சேர்த்துத் தூக்கி எறிவது. மறுசுழற்சியில் உலோகம் திரும்பக் கிடைக்கும்; கடைசல் வேலை கிடைக்காது.

நிர்வாக இயக்குநர் இயக்குநர் குழுவின் முன் வைத்த குறிப்பில் இரண்டு முன்னுதாரணங்கள் இருந்தன. 1962இல் பிரிட்டனின் பிரிஸ்டல் சிட்லி நிறுவனம், வைப்பர் ஜெட் இன்ஜினின் பராமரிப்புக்கு, அது பறந்த மணிநேரத்தைக் கணக்கிட்டுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. பின்னர் அதை வாங்கிய ரோல்ஸ்ராய்ஸ் இந்த முறையைப் பெரிதாக வளர்த்தது. இரண்டாவது கேட்டர்பில்லர், 1973 முதல் பழைய பாகங்களைத் திரும்பப் பெற்று மறுஉருவாக்கம் செய்து, அதாவது பிரித்துச் சீரமைத்துப் புதியதற்கு இணையாக்கி, விற்கிறது. இரண்டும் பொருத்தமான உதாரணங்கள்தான். ஆனால் அங்கெல்லாம் பழைய பொருள் ஏன் திரும்பி வருகிறது என்பதைப் பற்றிக் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. ஜெட் இன்ஜின் எங்கே இருக்கிறது என்பது செய்தவருக்குத் தெரியும். கேட்டர்பில்லர் வாடிக்கையாளரிடம் வைப்புத்தொகை பிடித்துவைத்து, பழைய பாகம் சரியான நிலையில் வந்தபின் திருப்பித் தருகிறது. இந்த நிறுவனத்தின் பம்புகளோ முகவர் வழியாகப் போய், பாதிக்கு மேல் எங்கே பொருத்தப்பட்டன என்ற பதிவே இல்லாமல் இருந்தன.

திட்டம் மூன்று பிரிவாக ஒப்புதல் பெற்றது: பழைய பம்பைத் திரும்பப் பெறுவது, மறுஉருவாக்கம் செய்து விற்பது, பம்பை விற்காமல் நீரேற்றும் சேவையாகத் தருவது. வழிகாட்டியாக அப்போது கையில் இருந்தது, நிறுவனங்களுக்கான சுழற்சிப் பொருளாதாரம் பற்றி 2017இல் வெளியான பிரிட்டிஷ் தரம் பிஎஸ் 8001.

## முதல் ஆண்டு: தனி அணி, தனிப் பட்டறை

பொறுப்பு நிலைத்தன்மைப் (சஸ்டெயினபிலிட்டி) பிரிவின் தலைவரிடம் தரப்பட்டது. அதுவரை அவருடைய வேலை ஆண்டறிக்கை தயாரிப்பது, தணிக்கைகளுக்குப் பதில் சொல்வது. ஆர்வமும் அறிவும் உள்ளவர். ஆனால் அவர் சொல்லி ஒரு விற்பனையாளரோ ஒரு ஸ்டோர் பொறுப்பாளரோ எதையும் மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை.

தொழிற்சாலையின் ஓர் ஓரத்தில் மறுஉருவாக்கப் பட்டறை எழுந்தது. கழுவும் தொட்டி, ஷாட் பிளாஸ்டிங் இயந்திரம், பேலன்சிங் இயந்திரம், அழுத்தப் பரிசோதனை மேடை எல்லாம் வந்தன. அனுபவமுள்ள ஃபிட்டர்கள் அமர்த்தப்பட்டனர். பம்புதான் வரவில்லை.

வந்த சிலவற்றில் வேறு குறை. இம்பெல்லர் கழற்றப்பட்டிருந்தது, அல்லது மோட்டாரின் தாமிரச் சுருள் உருவப்பட்டிருந்தது. பெயர்த்தகடு இல்லாததால் எந்த மாடல், எந்த ஆண்டு என்று தெரியவில்லை. நல்ல நிலையில் உள்ள பழைய பம்புகள் பழைய இரும்பு வாங்குபவரிடமோ, மோட்டாரின் சுருளை மாற்றிக் கட்டும் அருகிலுள்ள ரீவைண்டிங் பட்டறையிடமோ போய்க்கொண்டிருந்தன. அங்கே அன்றே கையில் காசு. இங்கே படிவம், போக்குவரத்து ஏற்பாடு, காத்திருப்பு. வாடிக்கையாளரின் பராமரிப்பு மேற்பார்வையாளர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆண்டு முடிவில் நடந்த ஒரு சம்பவம் திட்டத்தின் போக்கை மாற்றியது. பட்டறை அதுவரை சுத்தம் செய்து, அழுத்தப் பரிசோதனை முடித்து, அலமாரியில் அடுக்கிவைத்திருந்த கேசிங்குகள் ஆண்டிறுதிச் சரக்கு ஒழுங்குபடுத்தலில் எடைக்கு விற்கப்பட்டுவிட்டன. ஸ்டோர் பொறுப்பாளரைக் கேட்டபோது விதியை எடுத்துக் காட்டினார்: குறிப்பிட்ட காலம் அசையாமல் கிடக்கும், புத்தக மதிப்பு இல்லாத பொருள்களை அகற்றிவிட வேண்டும். திரும்பி வந்த கேசிங்குகளின் புத்தக மதிப்பு பூஜ்யம். யாரும் காசு கொடுத்து வாங்காததால் கணக்குப் பிரிவு அவற்றுக்கு மதிப்பே இடவில்லை. அவர் விதியை மீறவில்லை. சொல்லப்போனால் அந்தக் காலாண்டில் சரக்கிருப்பைக் குறைத்ததற்காக ஸ்டோர் பாராட்டும் பெற்றிருந்தது.

## ஆராய்ந்தபோது தெரிந்தவை

இதன்பின், திரும்பி வரும் ஒரு பம்பு எந்தெந்தப் பிரிவின் கையைக் கடக்கிறது, ஒவ்வொரு கையிலும் அது அந்தப் பிரிவின் மாதக் கணக்கை என்ன செய்கிறது என்று வரிசையாக எழுதிப் பார்க்கப்பட்டது. இந்த ஆய்வை எழுதும் நான் உள்ளே வந்தது இந்தக் கட்டத்தில்தான்.

விற்பனையாளருக்கு ஊக்கத்தொகை விலைப்பட்டியல் தொகையின் மீது. மறுஉருவாக்கப் பம்பின் விலை குறைவு, ஆகவே அவருடைய பங்கும் குறைவு. அதை விற்க ஆகும் பேச்சோ இரட்டிப்பு. உதிரிபாகப் பிரிவுக்கு, விற்கும் ஒவ்வொரு மறுஉருவாக்கப் பம்பும் விற்காமல் போகும் ஒரு தொகுதி உதிரிபாகம். உற்பத்திப் பிரிவை அளப்பது ஷிஃப்டுக்கு எத்தனை பம்பு என்ற எண்ணால். புதிய பம்புக்கு நேரம் திட்டமிட்டபடி ஆகும். பழையதைத் திறந்தால்தான் உள்ளே அரிப்பா, விரிசலா என்று தெரியும். ஒன்று அரை நாளில் முடியும், அடுத்தது மூன்று நாள் இழுக்கும். கொள்முதல் பிரிவு பாகத்தின் விலையை மட்டும் பார்த்து, போல்ட் இருந்த இரண்டு இடங்களில் பசை இணைப்பை ஏற்றுக்கொண்டிருந்தது. பூட்டும்போது மலிவு, கழற்றும்போது பாகம் உடைகிறது. தரப் பிரிவிடம் பழைய பாகத்தை ஏற்கவோ நிராகரிக்கவோ அளவுகோல் இல்லை. சந்தேகம் வந்தால் நிராகரிப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு.

வாடிக்கையாளர் பக்கத்திலும் இதே பிளவு. பராமரிப்புப் பிரிவு விரைவாகக் கிடைக்கும், சோதித்த பம்பை விரும்பியது. அதே நிறுவனத்தின் கொள்முதல் விதியோ பயன்படுத்தப்பட்ட பொருளை வாங்கத் தடை போட்டிருந்தது. சுழற்சிக்கு மதிப்பெண் வைத்த அதே படிவத்தின் இன்னொரு பக்கத்தில் அந்தத் தடை இருந்தது.

மொத்தத்தில், திரும்பி வரும் பம்பு எல்லாப் பிரிவையும் கடக்கிறது. ஒரு பிரிவின் கணக்கிலும் அது வரவாக ஏறவில்லை. பட்டறைக்குப் பணம் ஒதுக்கிய நிறுவனம், பம்புக்கு ஒரு சொந்தக்காரரை ஒதுக்கவில்லை. தொழில்நுட்பத்தில் ஒரு தடையும் இல்லை. ஃபிட்டர்கள் செய்து காட்டிய பம்புகள் பரிசோதனை மேடையில் புதியவற்றுக்கு இணையாகவே ஓடின.

## இரண்டாம் ஆண்டின் முடிவுகள்

மூன்று வழிகள் முன்வைக்கப்பட்டன. மறுஉருவாக்கத்தைத் தனி நிறுவனமாகப் பிரிப்பது ஒன்று. இதில் கணக்கு தெளிவாகும். ஆனால் தாய் நிறுவனத்தின் விற்பனையாளர்கள் அதைப் போட்டியாளராகவே பார்ப்பார்கள், வடிவமைப்புப் பிரிவுக்குப் பழைய பம்பின் செய்தியும் போய்ச் சேராது. நிலைத்தன்மைப் பிரிவின் அதிகாரத்தைக் கூட்டுவது இரண்டாவது. அதிகாரம் தந்தாலும் லாப நட்டப் பொறுப்பு இல்லாத பிரிவு, மாதக் கடைசியில் தோற்றுத்தான் போகும். மூன்றாவது வழி தேர்வானது: திரும்பி வரும் பம்பை வழக்கமான பிரிவுகளில் ஒன்றின் சொத்தாக்குவது.

எந்தப் பிரிவு என்பதில்தான் நீண்ட வாக்குவாதம். நிர்வாக இயக்குநர் உதிரிபாகப் பிரிவின் தலைவரைக் கைகாட்டினார். இந்த மாற்றத்தால் அதிகம் இழப்பவர் அவர். கூட்டத்தில் அவர் வெளிப்படையாகவே கேட்டார்: “நான் விற்கிற பாகத்தை நானே குறைச்சுக்கணும்னு சொல்றீங்களா, சார்?” நிர்வாக இயக்குநரின் பதில், குறைவதும் கூடுவதும் ஒரே கணக்கில் விழட்டும் என்பது. உதிரிபாகமும் மறுஉருவாக்கமும் ஒரே லாப மையமாக இணைக்கப்பட்டன. எந்த மாடல் எங்கே ஓடுகிறது, எது எப்போது பழுதாகும் என்ற அறிவு நிறுவனத்தில் எங்காவது இருந்தது என்றால் அது அவருடைய ஆட்களிடம்தான். இழப்பவரை வெளியே நிறுத்திவிட்டு மாற்றத்தை நடத்தினால், அவர் தடை போட வேண்டியதுகூட இல்லை, சும்மா இருந்தாலே போதும், திட்டம் படுத்துவிடும். இந்த மூன்று ஆண்டுகளில் எடுத்த முடிவுகளில் இதையே நான் முதலாவதாக வைப்பேன்.

அதைத் தொடர்ந்து வைப்புத்தொகை வந்தது. புதிய பம்போ மறுஉருவாக்கப் பம்போ விற்கும்போது ஒரு தொகை தனி வரியாகச் சேர்க்கப்படும். பழையது வந்ததும் திருப்பித் தரப்படும். தொகை பழைய இரும்பு விலையைவிடத் தெளிவாக அதிகமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பம்பு எடைக்குத்தான் போகும். கேசிங் விரிசலின்றி, இம்பெல்லருடன், பெயர்த்தகட்டுடன் வந்தால் முழுத்தொகை. குறைகளுக்கு ஏற்பக் கழிவு. திரும்ப அனுப்பும் முகவருக்குக் கையாளும் கட்டணம். கணக்குப் பிரிவு இந்தத் தொகையை வருமானத்தில் சேர்க்காமல், திருப்பித் தர வேண்டிய பொறுப்பாகப் பதிந்தது.

வைப்புத்தொகை எதிர்பாராத ஒன்றையும் சரிசெய்தது. திருப்பித் தந்த தொகையே இப்போது பழைய பம்பின் வாங்கிய விலை. ஆகவே அதற்குப் புத்தக மதிப்பு வந்துவிட்டது. கணினியில் மதிப்பு இருக்கும் பொருளை ஸ்டோர் எடைக்குப் போடாது. நீண்ட சுற்றறிக்கைகள் செய்யாததை ஒரு கணக்குப் பதிவு செய்தது.

விற்பனையாளரின் ஊக்கத்தொகை விலைப்பட்டியலிலிருந்து, நேரடிச் செலவு போக மிஞ்சும் பங்களிப்பு லாபத்துக்கு மாற்றப்பட்டது. இதை மூத்த விற்பனையாளர்கள் எதிர்த்தனர், ஒருவர் விலகினார். கொள்முதல் விதியின் தடையைக் கடக்க, மறுஉருவாக்கப் பம்புக்குப் புதியதற்கு உள்ள அதே உத்தரவாதக் காலமும், அந்தக் குறிப்பிட்ட பம்பைச் சோதித்தெடுத்த செயல்திறன் வரைபடமும் தரப்பட்டன. சில வாடிக்கையாளர்கள் அதன்பின் விதியைத் திருத்தினர். சிலர் கடைசிவரை திருத்தவில்லை.

## எதை மறுஉருவாக்கக் கூடாது

இரண்டாம் ஆண்டின் நடுவில் நிலைத்தன்மைப் பிரிவுக்கும் பொறியியல் பிரிவுக்கும் இடையே எழுந்த மோதல் தனியாகப் பேசத் தக்கது.

நிலைத்தன்மைப் பிரிவின் இலக்கு, திரும்பி வருவதில் எவ்வளவு எடை மீண்டும் பயன்பாட்டுக்குப் போகிறது என்பது. மோட்டார் எடை மிகுந்தது. அதை ரீவைண்டிங் செய்து திரும்ப அனுப்பினால் இலக்கு எளிதில் எட்டும். பொறியியல் தலைவர் மறுத்தார். தொடர்ந்து ஓடும் பம்பில், வாங்கிய விலை மொத்த ஆயுட்செலவில் சிறு பங்குதான், பெரும்பங்கு மின்சாரம். சுற்றுச்சூழல் சுமையும் அதே விகிதத்தில்தான் அமைகிறது. ஐஇசி 60034-30-1 என்ற 2014ஆம் ஆண்டுத் தரம் மோட்டார்களை ஐஇ1 முதல் ஐஇ4 வரை திறன் வகைகளாகப் பிரிக்கிறது; எண் கூடக் கூடத் திறன் கூடும். திரும்பி வந்தவற்றில் பல ஐஇ1, அல்லது வகைப்படுத்தலே இல்லாத காலத்தவை. அவற்றை இன்னும் பதினைந்து ஆண்டு ஓடவிடுவது, மிச்சப்படுத்திய உலோகத்தைவிட அதிகமாக மின்சாரத்தில் இழப்பது. ரீவைண்டிங்கிலும் கவனம் வேண்டும். பழைய சுருளை எரித்தெடுக்கும்போது வெப்பம் கட்டுப்பாட்டை மீறினால் ஸ்டேட்டர் தகடுகளுக்கு இடையிலான காப்புப் பூச்சு கெடும், இரும்பில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் (இரும்பிழப்பு) கூடும். முறையாகச் செய்தால் திறன் குறையாமல் காக்க முடியும். ஆனால் ஐஇ1 மோட்டாரை ரீவைண்டிங் ஐஇ3 ஆக்காது.

முடிவு ஓடும் நேரத்தை வைத்து எடுக்கப்பட்டது. பம்புப் பகுதியும் மோட்டாரும் தனித்தனியே மதிப்பிடப்படும். தொடர்ந்து ஓடும் இடத்துக்குப் போகும் பம்புடன் ஐஇ3க்குக் குறைந்த மோட்டார் போகாது. அது தாமிரம், மின்தகடு எஃகு, அலுமினியம் எனப் பிரித்து மறுசுழற்சிக்குப் போகும். அவசரத்துக்கு மட்டும் ஓடும் மாற்றுப் பம்புகளுக்குப் பழைய மோட்டார் போதும். ஆண்டில் சில மணிநேரம் ஓடுவதில் திறன் வித்தியாசம் பெரிதாகப் பேசாது. இதன்படி எடை இலக்கு எட்டப்படவில்லை. இலக்கைத்தான் மாற்றினார்கள்.

## பழைய பம்புகள் சொன்ன செய்தி

திரும்பி வரும் பம்புகள் கூடியபின், பட்டறையின் மூத்த ஃபிட்டர் ஒன்றைக் கவனித்தார். சீலும் பேரிங்கும் சீக்கிரம் போன பம்புகளில் பலவற்றின் இம்பெல்லர் தேய்மானம், பம்பு தன் சிறந்த திறன் புள்ளியிலிருந்து, அதாவது மிகக் குறைந்த இழப்பில் ஓடும் நீரளவிலிருந்து, வெகுதூரம் தள்ளி ஓடியதைக் காட்டியது. அப்படி ஓடும்போது இம்பெல்லர் மீது பக்கவாட்டு விசை கூடும், ஷாஃப்ட் வளையும், சீல் முகம் சீராகப் படியாது. ஓடிய இடங்களில் விசாரித்தபோது காரணம் தெரிந்தது: தேவைக்கு மேல் பெரிய பம்பை வாங்கி, வால்வைப் பாதி மூடி ஓட்டியிருக்கிறார்கள். வடிவமைப்பவர் ஒரு பாதுகாப்பு அளவு சேர்ப்பார், ஆலோசகர் இன்னொன்று சேர்ப்பார், விற்பனையாளர் மூன்றாவது சேர்ப்பார்.

உராய்வே பெரும்பகுதியாக உள்ள குழாய் அமைப்பில் வேகத்தை 80 சதவீதத்துக்குக் குறைத்தால் தேவையான மின்திறன் ஏறக்குறைய பாதியாகும். மின்திறன் வேகத்தின் மும்மடிப்படி மாறுவதே காரணம். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்துவது அல்லது இம்பெல்லரைக் கடைந்து சிறிதாக்குவது, அந்த வாடிக்கையாளர்களுக்கு மறுஉருவாக்கத்தைவிடப் பெரிய மிச்சம் தந்தது. வடிவமைப்புப் பிரிவினர் தாங்கள் வரைந்த பம்பைப் பத்து ஆண்டு ஓடியபின் கையில் எடுத்துப் பார்த்தது அதுவரை கிடையாது. இப்போது மாதம் ஒரு முறை பட்டறையில் நின்று கழற்றுவதைப் பார்க்கிறார்கள். பசை இணைப்புகள் மீண்டும் போல்ட்டுக்கு மாறின. கேசிங்கைப் பிரிக்க ஜாக் ஸ்க்ரூ துளைகள் சேர்ந்தன. பெயர்த்தகட்டில் இருந்த எண் கேசிங்கிலேயே பொறிக்கப்பட்டது.

## சேவையாகத் தரும் முயற்சி

மூன்றாவது பிரிவான சேவை, காகிதத்தில் கவர்ச்சியாகவும் நடைமுறையில் கடினமாகவும் இருந்தது. முதல் ஒப்பந்தம் ஓடிய மணிநேரத்துக்குக் கட்டணம் என்று போடப்பட்டது. மின்கட்டணம் வாடிக்கையாளருடையது. இதில் பம்பு அதிகம் ஓடினால் நிறுவனத்துக்கு வருமானம். மின்சாரம் மிச்சமானால் நிறுவனத்துக்கு ஒன்றுமில்லை. பழைய முறையின் குறை புதிய பெயரில் தொடர்ந்தது. அடுத்த ஒப்பந்தம் ஏற்றிய நீரின் கனமீட்டருக்கு என்று மாறி, மின்சார மிச்சத்தில் பங்கும் சேர்ந்தது. அப்போது நீரை அளக்கும் ஓட்டமானியின் துல்லியம் பற்றிய தகராறு வந்தது; அளவியைப் பராமரிக்கும் பொறுப்பு யாருக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதாதது பெரிய ஓட்டை.

நிதிப் பிரிவின் கவலை வேறு. விற்றால் பணம் உடனே வரும். சேவையில் பம்பைச் செய்த செலவு இன்று, வருமானம் பல ஆண்டுகளில் சிறுகச் சிறுக. பம்பு தன் சொத்துப் பட்டியலிலேயே இருக்கும், தேய்மானமும் தன் கணக்கில். சேவை வேகமாக வளர வளர, அன்றாடச் செலவுக்கான நடைமுறை மூலதனம் வறண்டுபோகும். வங்கிக் கடன் நிபந்தனைகளின் விகிதங்களும் நெருக்கும். வளர்ச்சியே பணமுடையை உண்டாக்கும் என்பதை இயக்குநர் குழுவுக்குப் புரியவைக்க, நிதித் தலைவர் மாதவாரியான பணவரவுப் படம் வரைந்து காட்ட வேண்டியிருந்தது.

வாடிக்கையாளர்களின் நிதிப் பிரிவுகளோ, சேவை என்றால் தங்கள் இருப்புநிலைக் குறிப்பில் கடன் பொறுப்பாக ஏறாது என்று எதிர்பார்த்தன. 2019 முதல் நடைமுறையில் உள்ள ஐஎஃப்ஆர்எஸ் 16 கணக்கியல் தரத்தின்படி, குறிப்பிட்ட ஒரு சாதனத்தின் பயன்பாட்டைத் தீர்மானிக்கும் உரிமை வாடிக்கையாளரிடம் இருந்தால், என்ன பெயர் வைத்தாலும் அந்த ஒப்பந்தத்துக்குள் குத்தகை இருக்கலாம். அப்போது நிலையான குறைந்தபட்சக் கட்டணம் கடன் பொறுப்பாகப் பதிவாகும். பயன்பாட்டை மட்டும் பொறுத்து மாறும் கட்டணம் அந்தப் பொறுப்பில் சேராது. நிறுவனத்துக்குத் தேவைப்பட்டது குறைந்தபட்சக் கட்டணம்; வாடிக்கையாளர் தவிர்க்க விரும்பியதும் அதையேதான். ஒரு வாடிக்கையாளர் தன் உற்பத்தி முறையை மாற்றி நீர்த்தேவையைப் பாதியாக்கியபோது இந்த முரண் கூர்மையாக வெளிப்பட்டது. ஒப்பந்தம் இழப்பில் முடிந்தது.

முடிவில் சேவைக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. வரம்புக்கு மேல் வரும் ஒப்பந்தங்களில் பம்பின் உரிமை ஒரு குத்தகை நிறுவனத்திடம் இருக்கும். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, ஐந்து ஆண்டு கழித்து இந்தப் பம்பின் மதிப்பு என்ன என்பது. வைப்புத்தொகைத் திட்டத்தில் சேர்ந்திருந்த பதிவுகள் அங்கே கைகொடுத்தன.

## மூன்றாம் ஆண்டில் நிலைமை

பம்புகள் சீராகத் திரும்பி வருகின்றன. பட்டறைக்கு வாரத்திட்டம் போட முடிகிறது. உதிரிபாக விற்பனை அஞ்சியபடியே குறைந்தது. மறுஉருவாக்கத்தின் லாபம் அதை ஈடுகட்டியது, ஆனால் மொத்த விற்பனைத்தொகை வளரவில்லை. லாபம் குறையவில்லை, விற்பனை வளரவில்லை என்றால் இதைத் தேக்கம் என்பதா என்று குழுவில் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை ஒருமித்த பதில் இல்லை.

பட்டறைத் தொழிலாளர்களின் வேலை மாறியது. புதிய பம்பைப் பூட்டுவதற்கு வரைபடம் போதும். பழையதைத் திறந்து எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்று தீர்மானிக்க அனுபவம் வேண்டும். ஊதிய நிலை உயர்ந்தது, தொழிற்சங்கம் கேட்ட அளவுக்கு இல்லாவிட்டாலும்.

இழப்பு விழுந்தது வார்ப்பாலை மீது. நீண்டகாலமாகக் கேசிங் வார்த்துத் தந்த சிறு நிறுவனத்துக்கு ஆர்டர் குறைந்தது. அதன் உரிமையாளருக்கு இது ஆர்டர் குறைந்தபிறகே தெரியவந்தது. பேச்சுவார்த்தைக்குப் பின் இம்பெல்லர் வார்ப்பும் தேய்ந்த பாகங்களை உலோகம் ஏற்றிச் சீரமைக்கும் வேலையும் அவர்களுக்குப் போயின. பழைய அளவு வருமானம் இல்லை.

அளவிடும் முறையும் மாறியது. சுழற்சிப் பொருளாதாரத்துக்கான ஐஎஸ்ஓ 59004, 59010, 59020 ஆகிய தரங்கள் 2024 மே மாதம் வெளியாயின. சுழற்சித்தன்மையை அளவிடுவது பற்றியது 59020. அதைப் படித்து விவாதித்தபோது எழுந்த கேள்வி சங்கடமானது: மறுஉருவாக்கப் பம்பு வாங்கியவர், அது இல்லாவிட்டால் புதியதை வாங்கியிருப்பாரா? சிலர் வாங்கியே இருக்க மாட்டார்கள். குறைந்த விலை அவர்களைச் சந்தைக்குள் கொண்டுவந்தது. அவர்களுக்குப் பயன்தான், ஆனால் அந்த விற்பனையில் ஒரு புதிய வார்ப்பும் தவிர்க்கப்படவில்லை. இப்போது அறிக்கையில் இந்த இரண்டு வகை விற்பனையும் தனித்தனியே காட்டப்படுகின்றன. எண் சிறிதாகத் தெரிகிறது. விற்பனைப் பிரிவுக்கு அதில் வருத்தம்.

## மீண்டும் தொடங்கினால் மாற்ற வேண்டியவை

பட்டறையைக் கட்டுமுன் வைப்புத்தொகையைத் தொடங்கியிருக்க வேண்டும் என்பதில் நிர்வாகத்தில் யாருக்கும் மாறுபட்ட கருத்து இல்லை. பம்பு வருகிறதா, என்ன நிலையில் வருகிறது என்று ஓராண்டு பார்த்திருந்தால், பயன்படாமல் நிற்கும் இரண்டு இயந்திரங்களை வாங்கியிருக்கத் தேவையில்லை. நிதித் தலைவர் முதல் கூட்டத்திலேயே இருந்திருக்க வேண்டும். அவரைச் சேவை ஒப்பந்தம் வந்தபிறகுதான் அழைத்தார்கள். வார்ப்பாலைக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவர்கள் வேறு ஆர்டர் தேட ஓராண்டு கிடைத்திருக்கும்.

ரீவைண்டிங் பட்டறைகளைப் பற்றித்தான் கருத்து பிரிந்திருக்கிறது. தொடக்கத்தில் அவற்றைப் பம்பைப் பறித்துக்கொள்ளும் போட்டியாளராகவே நிறுவனம் பார்த்தது. உண்மையில் பம்புகளை ஆண்டுக்கணக்கில் ஓடவைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்; சுழற்சிப் பொருளாதாரம் என்ற பேச்சு உள்ளே வருமுன் அந்த வேலையைச் செய்தவர்கள். தொலைவிலுள்ள வாடிக்கையாளரின் கனமான பம்பை இவ்வளவு தூரம் கொண்டுவந்து திரும்ப அனுப்புவதைவிட, அருகிலுள்ள பட்டறைக்கு உதிரிபாகமும் அளவுகோலும் பயிற்சியும் தருவது சரி என்கிறார் உதிரிபாகத் தலைவர். தன் பெயரில் போகும் உத்தரவாதத்தை வெளியார் கையில் விடத் தரப் பிரிவு தயங்குகிறது. இரண்டு பட்டறைகளுக்கு வரைவு ஒப்பந்தம் போயிருக்கிறது. பரிசோதனை மேடை இல்லாத இடத்தில் முடிக்கப்பட்ட பம்பின் சான்றிதழில் யார் கையெழுத்திடுவது என்ற ஒப்பந்த நிபந்தனையில் பேச்சு நிற்கிறது.